நிற்கிறவர்களுக்கு ஐம்பது புள்ளி

முதல் பட்டியலை மான் தின்றுவிட்டது.

திருகோணமலை பஸ் நிலையத்தில்
ஏழேகால் கிண்ணியா பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்
பையின் வாயிலிருந்து உருவி
நின்றபடியே மென்றது
என் ஆயிரத்து ஐநூறு புள்ளியையும்.
"கணக்குக் கொப்பியோ அக்கா?" என்றார் நடத்துனர்.
படை, என்று சொல்ல வாய் வரவில்லை.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
பஸ் நிலையத்தில் வைத்துச் சொல்வதில்லை.

யன்னலோர இருக்கை.
வேலையிடத்து மா ஆலையின் ஈரப்பதத் தாளொன்று,
அதன் வெறும் பின்புறம்.
பாலம் வருவதற்குள் ஒரு படை வேண்டும்.

தலைவன் நூற்று நாற்பது, அதில் பேரம் இல்லை.
யானை இருநூற்று அறுபது.
மெதுவானதுதான், ஆனால் எதிராளி
அதைப் பார்த்தபடியே மற்ற எல்லாப் பிழையும் விடுவான்.
கோடரிக்காரர் முந்நூறு.
குதிரை இரண்டு அணி, நானூற்று இருபது.
வில் இரண்டு அணி, இருநூற்று நாற்பது.

ரிஸ்மி சொல்லுவான்:
உன்ர படை ஆஸ்பத்திரிச் சாப்பாடு,
எல்லாம் இருக்கு, ஒண்டும் உறைக்காது.
போன மாதம் மூன்றாம் சுற்றில்
என் வில்லாளர்கள் அழகாக வரிசையில் நின்று
அழகாகச் செத்தார்கள்.

சமநிலை என்றால்
எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று நினைத்திருந்தேன்.
தராசின் இரண்டு தட்டிலும்
ஒரே சாமானை வைக்கிறவர் யார்?
ஒரு தட்டில் வேகம்.
மறு தட்டில்,
அந்த வேகம் பிழைத்தால் என்ன செய்வாய் என்ற கேள்வி.

சீனக்குடாச் சந்தியில் ஒரு வில்லணியை வெட்டினேன்.
மூன்றாவது குதிரையணி ஏறியது.
பஸ்ஸிலும் இருவர் ஏறினார்கள், நண்டுப் பெட்டியோடு.

இப்போது இது பாய்கிற படை.
முதல் சுற்றில் மேசை நடுவே,
இரண்டாம் சுற்றில் அவன் மூக்கருகே.
இடப்பக்கம் ஓங்கி வலப்பக்கம் குத்தும்.
யானை செத்தாலும்
விழுகிற பக்கம் அவன் பக்கம்.
கூட்டினேன்: ஆயிரத்து நானூற்றைம்பது.

மிச்சம் ஐம்பது.

ஐம்பதுக்கு ஒன்றுதான் வரும்:
ஈட்டிக்காரர், ஐந்து பேர்.
பழைய ஐந்து ரூபாய்க் குற்றிகளில் ஒட்டிய ஆட்கள்.
ஒருவனுக்கு ஈட்டி முறிந்து ஈர்க்கு வைத்திருக்கிறேன்.
பாய்வது அவர்கள் வேலையல்ல.
நம் பக்கத்து மூலைக் கொடிக்கம்பத்தைச் சுற்றி
ஆறு சுற்றும் நிற்க வேண்டும்,
ஒரு தாயக்கட்டையும் உருட்டாமல்.
நிற்காவிட்டால்
எவ்வளவு தூரம் பாய்ந்தவனுக்கும்
வீட்டுக் கம்பம் இல்லை.
விதிப்புத்தகத்தில் அதற்கு ஒன்றரை வரி.

மான் தின்ற பட்டியலில் இவர்கள் இருக்கவில்லை.
நூற்று நாற்பது மிச்சத்தில்
கொம்பூதியும் பதாகையும் வாங்கியிருந்தேன்.

எங்கள் ஒழுங்கை முழுக்க வெளிக்கிட்ட ஆண்டு
தவமலர் அன்ரி மட்டும் போகவில்லை.
கிணற்றுக்குத் தகரம் போட்டு
ஐந்து வீட்டுத் திறப்பையும் இடுப்பில் செருகிக்கொண்டு
இருந்தா.
நாங்கள் திரும்பி வந்தபோது
எங்கள் திறப்பை எடுத்துத் தந்துவிட்டு
"சீனி இருக்கோ?" என்று கேட்டா.
அவ்வளவுதான்.
அவவை யாரும் வீரர் என்றதில்லை.
எத்தனை புள்ளி என்று
நானும் இன்றுவரை யோசித்ததில்லை.

பாலம் வந்தது. கீழே தண்ணீர், வள்ளங்கள்.
ஈட்டிக்காரர் ஐம்பது, என்று எழுதி மூடினேன்.

ரிஸ்மி கழுத்தில் அளவுநாடாவோடு நின்றான்.
மூன்று குதிரையணி என்றதும் சிரித்தான்,
"இப்பதான் உனக்குக் கோபம் வந்திருக்கு."
கடைசி வரியை வாசிக்கவில்லை.
தாளைத் திருப்பி,
"பதின்மூன்று தசம் எட்டு. இது எந்த அணி?" என்றான்.

"அது மா," என்றேன்.

பெட்டியைத் திறந்து
ஐந்து குற்றிகளையும்
முதலில் எடுத்து வைத்தேன்.